ஆற்றுமேடு ஏறாத வண்டி

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஹமீத் சாயபுவின் கார் பாலாற்று மேட்டில் பாதி ஏறி நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. இன்ஜின் ஆம்பூர் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டுதான் இருந்தது. சக்கரங்கள் மட்டும் எனக்கென்ன என்று இருந்தன. பிறகு வண்டி மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. ஆவாரம்பட்டை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர்கள் குதித்து ஓடி, ஆளுக்கொரு கல்லைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்கள்.

சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப் மேட்டின் அடியிலேயே இருந்தது. எண்ணெய்க் கூடத்து ஜன்னல் வழியாகப் பூவம்மாள் இதையெல்லாம் பார்த்தாள். பதனிட்ட தோலுக்குப் புங்கெண்ணெய் தடவுவது அவள் வேலை. முழங்கை வரை எண்ணெயோடு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். வண்டி ஓட்டுகிறவன் அவள் புருஷன் கன்னியப்பன். காக்கித் தொப்பிக்குக் கீழே அவன் முகம் வேர்த்து வடிவது அங்கிருந்தே தெரிந்தது.

காரின் பின்பக்கம் திரை போட்டிருந்தது. உள்ளே சாயபுவின் அக்கா சுகரா பேகம் இருந்தார். கலவை ஊரிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தார். திரைக்கு உள்ளேயிருந்து அவர் குரல் ஜன்னல் வரைக்கும் வந்தது.

"ஹமீது, இன்னாடா இது கருகுற வாசனை? வயித்தைப் பெரட்டுது."

முன் சீட்டிலிருந்து இறங்கிய சாயபு, "அது ஷாப் வாசனை ஆப்பா. எங்களுக்குப் பழகிப்போச்சு. நீ வெளியூர்லேர்ந்து வந்தவ, உனக்குப் பெருசா தெரியுது" என்றார். அக்காவை அவர் ஆப்பா என்றுதான் கூப்பிடுவார்.

வண்டிக்காரர்களும் ஆமாம் போட்டார்கள். சுண்ணாம்புக் குழியும் பட்டைத் தண்ணீரும் புங்கெண்ணெயும் சேர்ந்து நாறுகிற ஊரில் இன்னும் ஒரு வாசனை எவன் மூக்கில் ஏறப்போகிறது? பேகம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்தது.

சாயபு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கன்னியப்பனை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு எப்போதும் உள்ள முதுகுவலி, கோபம் வந்தால் கொஞ்சம் கூடும்.

"இன்னா கன்னியப்பா, ஆத்துமேடே ஏறலே. ஆலங்காயத்து மேடு எப்படி ஏறும்?"

"செரி பண்ணிடுறேன் மொதலாளி."

"சனிக்கெழமை காலையில சைராவைக் கூட்டியாரணும். ஏழாம் மாசம். சம்பந்தி வாசல்ல போய் நின்னுக்கினு, கார் ஏறலே, பொண்ணை மாட்டுவண்டியில ஏத்துங்கன்னு சொல்லட்டுமா?"

கன்னியப்பன் தொப்பியைக் கழற்றினான்.

"வெள்ளிக்கெழமை சாயங்காலம் நமாஸ் முடிச்சிட்டு வருவேன். இதே மேட்டுல வண்டி ஏறணும். ஏறலேன்னா மெட்ராசுலேர்ந்து வேற டிரைவருக்குச் சொல்லி அனுப்பிடுவேன். நீ பழையபடி பச்சைத்தோல் வண்டிக்குப் போ."

இதைச் சத்தம் போடாமல்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் கன்னியப்பன் பயந்திருக்க மாட்டான்.

பச்சைத்தோல் வண்டி என்றால் என்ன என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கறி வெட்டுகிற இடங்களில் அன்றாடம் உரிக்கிற தோலை ஏற்றிக்கொண்டு ஷாப்புக்கு வருகிற வண்டி அது. எட்டு வருஷம் கன்னியப்பன் அதை ஓட்டினான். வண்டிக்கு முன்னால் நாற்றம் வரும், பின்னால் காக்காய் வரும். டீக்கடையில் அவனுக்கு டம்ளரைத் தள்ளி வைப்பார்கள். வேலூரில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குப் போகும்போது விற்ற காரைச் சாயபு வாங்கினார். ஓட்ட ஆள் இல்லை. மாட்டை அடிக்காமல் ஓட்டுகிறவன் காரையும் பக்குவமாக ஓட்டுவான் என்பது அவர் கணக்கு. கன்னியப்பனை மூன்று மாசம் மெட்ராசுக்கு அனுப்பி ஓட்டக் கற்றுவர வைத்தார். அவன் தொப்பியோடு வந்து இறங்கினான். அன்றைக்கே டீக்கடைக்காரர் "வாங்க டிரைவரே" என்றார். பூவம்மாளும் டிரைவர் வீட்டுக்காரி ஆனாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. அது போய்விடுமோ என்று அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் களியும் கருவாட்டுக் குழம்பும் முன்னால் வைத்தாள். கன்னியப்பன் களியில் ஒரு குழி பண்ணி, குழம்பை ஊற்றி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னாய்யா, கருவாட்டை எண்ணிக்கினு இருக்கியா? துன்னு."

"எறங்கலே பூவு."

"வண்டிக்கு இன்னாதான் கேடு?"

"அதான் தெரியலே. நின்ன எடத்துல ஸ்டார்ட் பண்ணா இன்ஜின் பாட்டுப் பாடுது. சம ரோட்டுல போவுது. மேட்டைக் கண்டா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நவுர மாட்டேன்றது. கார்புரேட்டர்ல அழுக்குன்னு நெனைக்கிறேன். உன் கொண்டை ஊசி ஒண்ணு குடு."

"ஊசி எதுக்கு?"

"அதுல பெட்ரோல் வர்றதுக்கு ஊசித் துவாரம் இருக்குது. அதைக் குத்தணும்."

அவள் ஊசியை எடுத்துக் கொடுத்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது.

"அப்புறம் பழைய பொடவைத் துணி ஒரு மொழம். பெட்ரோலை வடிகட்டணும்."

"வண்டிக்கு இன்னும் இன்னா வேணும்? வளையல் வேணுமா, பூ வேணுமா? சொல்லிடு, சீர் செஞ்சி அனுப்பிடறேன்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததும் ஒரு கவளம் உள்ளே போனது. இரண்டாவது கவளத்தில் ஞாபகம் வந்தவனாக, "நாளைக்கு வரச்சொல்ல சட்டியடி எண்ணெய் கொண்டா. தோலுக்குப் போடணும்" என்றான்.

எண்ணெய்க் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் சட்டியின் அடியில் தேங்கிய எண்ணெயைப் பெண்கள் கொட்டாங்கச்சியில் வழித்துக்கொண்டு போகலாம், விளக்குக்கு ஆகும். யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு மாசமாகப் பூவம்மாள் வீட்டு விளக்குக்கு அது வரவில்லை, காருக்குப் போனது. காரின் சீட்டெல்லாம் நல்ல கறுப்புத் தோல். அதற்குத்தான் போடுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். தோல் என்றால் எண்ணெய் குடிக்கத்தானே செய்யும்? இரண்டு கை கூடவே வழித்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை கார்புரேட்டரைக் கழற்றி, குத்தி, ஊதி, மாட்டினான். மேடு ஏறவில்லை. புதன்கிழமை பிளக்கெல்லாம் கழற்றிச் சாம்பல் போட்டுத் தேய்த்தான். வண்டி முன்னைவிட அழகாகக் கத்தியது, ஏறவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். ராட்டினம் போலச் சுற்றியது. வியாழக்கிழமை பாரத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்று பின் சீட்டைக் கழற்றி இறக்கிவிட்டு ஓட்டினான். சீட்டில்லாமல் பின்னால் வந்ததுதான் மிச்சம்.

ஷாப் மேஸ்திரி மஹபூப் பாஷா மூன்று நாளும் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தைரியமாக யோசனை சொன்னார்.

"கன்னியப்பா, இது மாட்டுக் கேசு. நொகத்தடி ஒரு பக்கம் எறங்கினா மாடு இழுக்காது. எங்கியோ நொகத்தடி கோணலா இருக்குது, பாரு."

"காருக்கு ஏது பாய் நொகத்தடி?"

"இல்லாமப் போவுமா? இழுக்கிற வஸ்து எதுவா இருந்தாலும் இருக்கும். நீ தேடு."

"பேஜார் பண்ணாத பாய்."

"செரி, ஓதின தண்ணி கொண்டாரேன். ரேடியேட்டர்ல ஊத்து. நஷ்டம் இல்லையே?"

கன்னியப்பன் அதையும் ஊற்றினான். ரேடியேட்டருக்கு ஒரு குறையும் இல்லை என்பது உறுதியானது.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. பூவம்மாள் களியைத் தூக்குவாளியில் போட்டு, மேலே முருங்கைக்கீரைப் பொரியல் வைத்து, இன்னொரு கையில் முந்தின நாள் வழித்த எண்ணெய்க் கொட்டாங்கச்சியோடு இரண்டு மணி வெயிலில் கார் கொட்டகைக்குப் போனாள். உள்ளே மேஸ்திரி மிதிபலகையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். காரின் அடிப்பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பள்ளத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான் கன்னியப்பன். காலால் மிதிக்கிற ஒரு கட்டையை முன் சீட்டுக்கும் அதற்கும் நடுவே சவுக்குக் கழி கொடுத்து அழுத்தி வைத்திருந்தான்.

"எண்ணெய் கொண்டாந்தியா?"

"பின் சீட்டை வெளியில போட்டுட்டே. எங்க தடவப் போறே?"

"சீட்டுக்கா? சீட்டுக்கு யாரு போட்டா? கிளச்சுக்குத்தாம்மே."

"அது இன்னா?"

அவன் தலையை வெளியே எடுத்தான். மூக்கில் கரி. களைத்துப் போயிருந்தாலும், சொல்லிக் கொடுப்பதென்றால் அவனுக்கு ஒரு தெம்பு வந்துவிடும்.

"இந்தா பாரு. இது இன்ஜின் சுத்துற சக்கரம், உள்ளே குடைவா இருக்குது. இது கூம்பு. இது மேல தோல் பட்டை சுத்தியிருக்குது பாரு. மிதியை விட்டா கூம்பு போயி சக்கரத்துக்குள்ள அழுந்தும். தோலு சக்கரத்தைக் கப்புன்னு புடிச்சிக்கும். அப்போதான் இன்ஜின் சுத்துறது பின் சக்கரத்துக்குப் போவும்."

"இந்தத் தோலுக்கா எண்ணெய் போட்டே?"

"தோலு காஞ்சிப்போயி வண்டி கெளம்பச்சொல்ல குதிரை மாதிரி ஒரு ஒதை ஒதைச்சிது. மொதலாளிக்கு முதுகுல சுளுக்கு. மெட்ராசுல கத்துக்குடுத்தவரு, காஞ்சா நாலு சொட்டு எண்ணெய் போடுன்னு சொல்லியிருந்தாரு. போட்டேன். ஒதைக்கிறது கம்மியாச்சு. அப்பொறம் தெனம் போட்டேன்."

"தெனமுமா? கொட்டாங்கச்சி அளவா?"

"நாலு சொட்டுன்னு மெட்ராசுக்காரன் சொல்லுவான். அவனுக்குத் தோலைப் பத்தி இன்னா தெரியும்? நாம தோல்காரங்க."

மேஸ்திரி பீடியை எடுத்துவிட்டு, "நெஜந்தான். தோலுக்கு எண்ணெய் கம்மியா இருக்கப்படாது" என்றார்.

பூவம்மாள் பள்ளத்துக்குள் கையை விட்டாள். பதினோரு வருஷமாகத் தோலைத் தடவிய கை அது. ஒரு தோல் வயிறார எண்ணெய் குடித்திருக்கிறதா, அரைப் பட்டினியா என்று தொட்டதும் சொல்லிவிடும். விரல் பட்டையில் நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. அழுத்தினாள். நகத்தைச் சுற்றி எண்ணெய் ஊறிக்கொண்டு வந்தது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். கருகின வாசனை. அதன் அடியில் அவளுடைய புங்கெண்ணெய். அதற்கும் அடியில் இன்னொரு வாசனை இருந்தது. அவள் மறுபடி முகர்ந்தாள். பிறகு புருஷனையும் மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த இன்னொரு வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டாள்.

"யோவ், இந்தத் தோலோட வேலை இன்னா?"

"சொன்னேனே. புடிக்கிறது."

"எண்ணெய் பூசின கையால நான் தண்ணிக் கொடத்தைத் தூக்கினா இன்னா ஆவும்?"

அவன் தன் கையில் ஒட்டியிருந்த எண்ணெயைப் பார்த்தான்.

"வழுக்கும். சமத்துல கொஞ்சம் தொட்டுக்கினு ஓடும். மேட்டுல பாரம் ஜாஸ்தியானா விட்டுடும். இன்ஜின் சுத்துது, இது வழுக்கிக்கினே கருகுது. அந்தக் கலவை அம்மா மொத நாளே சொன்னாங்களே, கருகுற வாசனைன்னு. நாம ஷாப் வாசனைன்னு விட்டுட்டோம்."

"தோலு எண்ணெயில கெடுமா?" கன்னியப்பனுக்குக் குரல் உயர்ந்தது. "எண்ணெய் ஜாஸ்தியாகித் தோலு கெட்டுப்போச்சுன்னு எந்த ஊர்லியாவது கேட்டிருக்கியா?"

"செருப்புத் தோலு கெடாது. சீட்டுத் தோலு கெடாது. இது உழைக்கிற தோலு. இதைப் போயி நாம சீராட்டி வெச்சிருக்கோம்."

அவன் கழற்றி வைத்த பலகை மேல் உட்கார்ந்துவிட்டான். மூன்று நாளாகக் குத்தின கார்புரேட்டர், தேய்த்த பிளக்கு, இறக்கின சீட்டு எல்லாம் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். "நானே வண்டியைக் கெடுத்துட்டேன் பூவு" என்றான். அதைக் கேட்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. வழித்து வழித்துக் கொடுத்தவள் அவள்தானே.

"தோலு குடிச்ச எண்ணெயை எனக்கு எறக்கத் தெரியும்" என்றாள். "களியைத் துன்னு. நான் வர்றேன்."

சில சமயம் எண்ணெய்க் கூடத்திலும் தோல் அளவுக்கு மீறிக் குடித்துவிடும். அதற்கு வைத்தியம் உவர்மண், வண்ணார்கள் துணிக்குப் போடுகிற அதே மண். வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு படி மண்ணை வாணலியில் கொட்டி, ஈரம் போகச் சுடச்சுட வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு வந்தாள். அதற்குள் கன்னியப்பன் மண்ணெண்ணெயும் கந்தலும் எடுத்து வைத்திருந்தான். களித் தூக்கு காலியாக இருந்தது.

கியரைப் போட்டு, மிதியைக் கழியால் அழுத்தி வைத்துவிட்டு, மேஸ்திரியை வண்டியைத் தள்ளச் சொன்னார்கள். வண்டி முழம் நகர்ந்தால் கூம்பு கொஞ்சம் திரும்பும். திரும்பிய இடத்தை மண்ணெண்ணெய்க் கந்தலால் பூவம்மாள் துடைப்பாள். மறுபடி ஒரு முழம்.

"தள்ளு பாய்."

"வெள்ளிக்கெழமை லீவு நாளுல என்னை மாடாக்கிட்டீங்களே."

"நொகத்தடி எங்கன்னு நீதான் தேடச் சொன்னே. கெடைச்சிடுச்சு. இழு."

ஒரு சுற்று துடைத்ததும் கந்தல் பிழிகிற அளவுக்கு ஊறியிருந்தது. பிறகு சுடுமண்ணைக் கை நிறைய அள்ளிப் பட்டை மேல் அப்பினாள். மண் கொஞ்ச நேரத்தில் கறுத்து நனைந்தது. தட்டிவிட்டு மறுபடி அப்பினாள். மூன்றாம் தரம் அப்பிய மண் வெள்ளையாகவே நின்றது. விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். தோல் விரலைப் பிடித்தது. அவளுக்கு அழுகை வருகிற மாதிரி சந்தோஷமாக இருந்தது. கன்னியப்பனும் தொட்டுப் பார்த்தான். அவன் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தான். எண்ணெய் படும் என்று அவள் உடனே எடுத்துவிட்டாள்.

நமாஸ் முடிந்து சாயபு ஆற்றங்கரைக்கு வந்தார். கன்னியப்பன் வண்டியைக் கிளப்பினான். அது ஒரு சின்ன உதை உதைத்தது. பிறகு மேட்டில் ஏறியது. கத்தவில்லை, கருகவில்லை. மேலே போய்த் திரும்பி, இறங்கி, மறுபடியும் ஏறியது. மூன்றாம் தரம் மேஸ்திரியும் உள்ளே உட்கார்ந்துகொண்டு போனார்.

சாயபுவுக்கு வாயெல்லாம் பல். "சபாஷ். இன்னா கோளாறு?" என்று கேட்டார்.

கார்புரேட்டர் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையை மறுத்துப் பேச ஆம்பூரில் ஆள் கிடையாது. கன்னியப்பன் ஓரமாக நின்ற பூவம்மாளைப் பார்த்தான். பிறகு, "கிளச்சுத் தோல்ல எண்ணெய் ஜாஸ்தியாயிடுச்சு மொதலாளி" என்றான்.

சாயபுவின் சிரிப்பு நின்றது.

"எண்ணெயா? எவன் ஊத்தினது?"

"நான்தான். ஒதைக்குதுன்னு தெனமும் போட்டேன்."

"அறிவு இருக்குதா உனக்கு? மூணு மாசம் படிச்சிட்டு வந்து வண்டிக்குள்ள எண்ணெயை ஊத்தியிருக்கே. நாளைக்கு என் பொண்ணு இந்த வண்டியில வரணும். உன்னை நம்பி எப்படி ஏத்துவேன்? வண்டி ஏறினது ஏறட்டும். திங்கக்கெழமை மெட்ராசுக்கு எழுதத்தான் போறேன்."

கன்னியப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவன் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பூவம்மாளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"மொதலாளி, அந்த எண்ணெய் பாதி நான் குடுத்தது" என்றாள். "சட்டியடிப் புங்கெண்ணெய். தப்புதான்."

"பாதியா? மீதி?"

"மீதி சீமை மீனெண்ணெய்."

கப்பலில் வருகிற அந்த மீனெண்ணெய், மெல்லிய ஆட்டுத்தோலுக்கு மட்டும் போடுவது. சாயபுவின் அறை அலமாரியில் பூட்டி இருக்கும். அலமாரிக்கு ஒரே சாவி, அது அவர் இடுப்பில் இருக்கும். ஷாப்பில் இது தெரியாதவர்கள் இல்லை. மேஸ்திரி மஹபூப் பாஷா சட்டென்று ஆற்றுப்பக்கம் திரும்பி, மணலில் மேய்கிற எருமைகளை எண்ண ஆரம்பித்தார்.

"நெஜமா தெரியுமா உனக்கு?" சாயபு கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"பதினோரு வருஷமா எண்ணெயிலதான் கை வெச்சிக்கினு இருக்கேன் மொதலாளி. ஒரு நாள் போட்டது இல்லை அது. பல நாள் ஊறினது."

சாயபுவின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவியைத் தொட்டதா, முதுகுவலியா என்று தெரியவில்லை. தோல் வியாபாரத்தில் மூன்று தலைமுறை கண்ட குடும்பம். உதைத்து முதுகைச் சுளுக்க வைத்த காய்ந்த தோலைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? டிரைவர் வீட்டுக்குப் போன பிறகு யாருக்கும் தெரியாமல் பலகையைத் தூக்கி இரண்டு கை விட்டிருப்பார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "காலையில ஆறு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கணும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். மெட்ராஸ் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் சைராவோடு பின்னால் உட்கார்ந்து வர இன்னொரு பெண்பிள்ளை வேண்டும் என்று சுகரா பேகம் பூவம்மாளையும் ஏற்றிக்கொண்டார். அவள் அந்தக் கறுப்புச் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உண்மையிலேயே அதற்குக் கொஞ்சம் எண்ணெய் தேவையாக இருந்தது. மடியில் வறுத்த மண் முடிச்சு இருந்தது. வாணியம்பாடி தாண்டி வெயில் ஏறியது. மலைப்பக்கத்துக் காற்றும் வந்தது. ஆலங்காயத்துக்கு முன்னால் அந்த மேடு வந்தபோது வண்டியில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். பேகம் வாய்க்குள் ஓதினார். பூவம்மாள் முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். கன்னியப்பனின் தொப்பி இப்படி அப்படி அசையவில்லை. வண்டி சீராக முனகிக்கொண்டு ஏறியது, பாதியில் ஒரு தரம் தயங்கியது, பிறகு உச்சிக்குப் போய்விட்டது.

"இன்னிக்கு அந்த வாசனை இல்லியே ஹமீது" என்றார் பேகம்.

"கோளாறை மொதல்ல கண்டுபுடிச்சது நீதான் ஆப்பா" என்றார் சாயபு.

பேகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சாயபு இடுப்பிலிருந்து எதையோ அவிழ்த்தார். திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் திரைக்குள் நீட்டினார். அலமாரிச் சாவி.

"பூவம்மா, இது உங்கிட்ட இருக்கட்டும். உன் வீட்டுக்காரன் கேட்டா எண்ணெய் குடுக்காதே."

"செரி மொதலாளி."

கொஞ்ச தூரம் வண்டி இறக்கத்தில் போனது.

"நானே வந்து கேட்டாலும் குடுக்காதே" என்றார் சாயபு. "முதுகு வலிக்குதுன்னு சொல்லுவேன். நம்பாதே."